பிரேக்கர் ஓய்ந்த மதியங்கள்

அனுப்புநர்
விஜயலக்ஷ்மி சங்கரன்,
முதுநிலை ஆய்வாளர்,
நுண்பொருள் ஆய்வகம்,
திலக் நகர், செம்பூர், மும்பை.
(தற்காலிக வசிப்பிடம்: மாட்டுங்கா)

பெறுநர்
திரு. அனந்தநாராயணன் அவர்கள்,
ஒருங்கிணைப்பு அலுவலர்,
கட்டுமானப் பணிகள் ஒருங்கிணைப்புப் பிரிவு,
செம்பூர், மும்பை.

பொருள்: ஆய்வகத்தை ஒட்டிய மனையில் பாறை உடைக்கும் பணியை மதிய வேளையில் நிறுத்தி வைக்க ஆணையிட வேண்டியும், இதில் எங்களுக்கு உதவியதற்காகத் தண்டிக்கப்பட்ட மேற்பார்வையாளர் திரு. பேச்சிராஜாவுக்கு நியாயம் வேண்டியும்.

பார்வை: 06.02.2025 அன்று நேரில் அளித்த என் ஆங்கில மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற குறைகேட்பு நாளில் நான் அளித்த ஆங்கில மனுவைத் தாங்கள் அங்கேயே முழுவதும் படித்தீர்கள். அதிர்வு அளவுகள், வரைபடங்கள், கருவியின் விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. படித்து முடித்ததும், "இதுல மெஷினைப் பத்தித்தான் இருக்கு. மனுஷா யாரு, என்ன நடந்தது, ஒண்ணும் இல்லையே. தமிழ்லயே எழுதிக் கொண்டு வாங்கோ, நான் படிக்கறேன்" என்றீர்கள். அதை நம்பி இம்மனுவை எழுதுகிறேன். தமிழில் அலுவல் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

2. முதலில் ஒன்றைத் தெரிவித்துவிடுவது என் கடமை. பாறை உடைக்கப்படும் அந்த மனை வேறு யாருடையதும் அல்ல, எங்களுடையது. இடிக்கப்பட்ட எங்கள் பழைய குடியிருப்பின் இடத்தில் புதிய கட்டடம் எழும்புகிறது. அதில் எங்களுக்கும் ஒரு வீடு உண்டு. நந்தவனம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் செயலாளர் திரு. சங்கரன் என் கணவர். ஆகவே அந்தப் பணி சீக்கிரம் முடிய வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனமாக இருந்துகொண்டு, அந்தக் கட்டடம் எப்போது எழும் என்று தினமும் பேசிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. பணியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

3. எங்கள் ஆய்வகத்தில் நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் நானோ குழாய்கள் என்பவை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக்குழாய்கள். ஒரு சிலிக்கன் தகட்டில் எந்த இடத்தில் இரும்புப் படலம் படிந்திருக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் அவை உலையில் முளைத்து நிமிர்ந்து நிற்கும். எனவே குழாய்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாங்கள்தான் முன்கூட்டியே தகட்டில் வரைகிறோம். எலக்ட்ரான் கற்றை என்னும் மிகக் கூரிய எழுதுகோலால் வரைகிறோம். ஒரு தலைமயிரின் பருமனுக்குள் சுமார் நானூறு கோடுகள் அடங்கும். வரையும்போது தகடு அசைந்தால் கோடு அசையும், கோடு அசைந்தால் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்தத் தகட்டைக் குப்பையில்தான் போட வேண்டும்.

4. இத்தனை நுணுக்கமாக எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். இந்தக் குழாய் வரிசைகளின் மீது அமோனியா வாயு பட்டால் அவற்றில் ஓடும் மின்சாரம் குறையும். மனிதரின் மூக்குக்கு எட்டாத அளவையும் அவை உணர்ந்துவிடும். அம்பர்நாத்தில் மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஆய்வு மாணவி செல்வி தங்கமயிலின் தந்தை திரு. பெரியநாயகம் அங்கே வேலை செய்கிறார். குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அமோனியா. இரண்டாண்டுகளுக்கு முன் அங்கே கசிவு ஏற்பட்டு அவருடன் வேலை செய்த இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவருக்கு இன்றும் மூச்சு சரியாக வருவதில்லை. நான் தங்கமயிலுடன் அங்கே சென்றபோது பெரியநாயகம் என்னிடம் சொன்னது இது: "வாடை வந்தா ஓடிருவோம் மேடம். வருசக்கணக்கா மோந்து மோந்து மூக்கு பழகிப் போச்சு. வாடையே தெரியலன்னா என்ன செய்ய?" தங்கமயில் தன் ஆய்வுத் தலைப்பை அன்று வீடு திரும்பும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

5. தாராவியில் பிறந்து வளர்ந்த பெண் அவள். அவளைப்போல் பொறுமையாகத் தகடு வரைகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளின் தகடுகள் சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. கோடுகள் எல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தன. கருவியைச் சரிபார்த்தோம். வேதிப்பூச்சை மாற்றினோம். அறையின் வெப்பநிலையைக் கண்காணித்தோம். கோளாறு எங்கே என்று தெரியவில்லை. ஆய்வுக்கு நிதி வழங்கும் குழுவினர் பார்வையிட வந்து, படங்களைப் பார்த்துவிட்டு, வரைகிறவரின் கவனக்குறைவு என்று கருத்துத் தெரிவித்துச் சென்றார்கள். மார்ச் மாதத்துக்குள் நல்ல தகடுகள் காட்டப்படாவிட்டால் இத்திட்டம் தொடராது என்பதும் அவர்கள் சொன்னதுதான். அன்று எல்லோரும் சென்ற பிறகு தங்கமயில் கருவியின் முன் மறுபடியும் போய் உட்கார்ந்தாள்.

6. காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு நாள் மதியம் எங்கள் மனையில் பணி ஒரு மணி நேரம் நின்றது. பிரேக்கர் எனப்படும் பாறை உடைக்கும் இயந்திரத்தில் ஏதோ பழுது. அந்த நேரத்தில் வரைந்த பகுதி மட்டும் தகட்டில் சுத்தமாக விழுந்திருந்தது. நம் ஊரில் மண்ணுக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. அதன் மீது விழும் அடி பூமிக்குள்ளேயே பயணம் செய்து எங்கள் கட்டடத்துக்கு வந்துவிடுகிறது. ஹார்பர் லைன் ரயில் அதிர்வைத் தாங்கும், காற்றின் மீது மிதக்கும் மேசை எங்களிடம் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வரும் இந்த அடியை அதனால் தாங்க முடியவில்லை.

7. அளவுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை. தங்கமயில் நேரில் போகலாம் என்றாள். மனையின் வாயிலில் எங்களைத் தடுத்தார்கள். அப்போது உள்ளே இருந்து வந்தவர்தான் மேற்பார்வையாளர் திரு. பேச்சிராஜா. அவரும் தாராவிவாசி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தங்கமயில் அவரிடம், "அண்ணாச்சி, நாங்க ஒண்ணும் சண்டைக்கு வரல. ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க, போதும்" என்றாள். அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

8. ஆய்வகத்தின் திரையில், அதிர்வைக் காட்டும் கோடு ஓடுவதை அவருக்குக் காட்டினோம். பிரேக்கர் அடிக்கும்போதெல்லாம் கோடு துள்ளியது. அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியில் பிரேக்கர் ஓட்டுபவரை அழைத்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கோடு நேரானது. மறுபடியும் அடிக்கச் சொன்னார். கோடு துள்ளியது. இதை இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். "நாங்க அங்கன பாறையத்தான் அடிக்கோம்னு நெனச்சேன்" என்றார். இது எதற்குப் பயன்படும் என்று கேட்டார். தங்கமயில் தன் தந்தையைப் பற்றியும் கிடங்கைப் பற்றியும் சொன்னாள். நாங்கள் கேட்காமலே அவர் சொன்ன முடிவு இது: "காலையில பூரா ஒடச்சுட்டு, மத்தியானம் கல்லு அள்ளுத வேலைய வச்சுக்கிடுதேன். ரெண்டும் செய்ய வேண்டிய வேலைதான. எதை எப்ப செஞ்சா என்ன?"

9. டிசம்பர் மாதம் முழுவதும் அவர் சொன்னபடியே நடந்தது. உணவு வேளை முடிந்ததும் பிரேக்கர் ஓய்ந்துவிடும். லாரிகள் வந்து உடைந்த கல்லை அள்ளிச் செல்லும். லாரி ஓட்டத்தை எங்கள் மேசை தாங்கிக்கொண்டது. ஒரு தகட்டை வரைந்து முடிக்க ஒரு மதியப் பொழுது வேண்டும். அந்த மதியங்களில் தங்கமயில் வரைந்த தகடுகளை உலையிலிட்டு எடுத்தபோது, குழாய் வரிசைகள் ஒன்றையொன்று தொடாமல் சீராக நின்றன. இருபது ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். நுண்ணோக்கியில் எடுத்த அந்தப் படத்தை நான் அச்செடுத்து என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். பேச்சிராஜாவையும் அழைத்துக் காட்டினோம். அவர் தம் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பிரதி கேட்டு வாங்கிச் சென்றார்.

10. இனி எழுதுவது எனக்குச் சங்கடமானது. ஜனவரியில் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் சிலர் மனையைப் பார்க்கச் சென்றிருக்கிறார்கள். போனது மதிய வேளை. பிரேக்கர் சும்மா நின்றிருந்தது. இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு காலதாமதம் செய்கிறார்கள் என்று ஒப்பந்த நிறுவனத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடுமையான புகார் போனது. அதில் கையெழுத்திட்டவர் செயலாளர், அதாவது என் கணவர். நான் பேச்சிராஜாவுடன் செய்துகொண்ட ஏற்பாடு அவருக்குத் தெரியாது. அவர் புகார் அனுப்பியது எனக்குத் தெரியாது. வீட்டில் நாங்கள் அலுவலக விஷயம் பேசுவதில்லை என்பதை ஒரு நல்ல வழக்கமாகவே அதுவரை நினைத்திருந்தோம்.

11. நிறுவனம் விசாரித்தது. வெளியாட்கள் பேச்சைக் கேட்டு இயந்திரத்தை நிறுத்தியது தவறுதான் என்று எழுதித்தரும்படி பேச்சிராஜாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். அவரை மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து நீக்கி, பன்வேல் பக்கம் வேறொரு மனையில் பொருள்களைக் காவல் காக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பிரேக்கர் காலை முதல் மாலை வரை ஓயவில்லை. எங்கள் தகடுகள் மறுபடியும் கெட்டன. தங்கமயில் அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அவர், "நீ எதுக்கு வெசனப்படுத? நல்ல காரியம்னு தெரிஞ்சுதான செஞ்சேன். தப்புன்னு எப்படி எழுதிக் கொடுக்க?" என்றாராம். தாராவியிலிருந்து பன்வேலுக்குத் தினமும் போய் வருவது எவ்வளவு சிரமம் என்பது தாங்கள் அறியாததல்ல.

12. அன்று மாலை நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபக்காரர் அல்ல, ஆனால் தம் கையெழுத்தைப் பெரிதாக மதிப்பவர். அனுப்பிய புகாரின் பிரதியை எடுத்து மறுபடியும் படித்தார். பிறகு, "மெஷின் நிக்கறதைத்தான் பார்த்தோம். ஏன் நிக்கறதுன்னு ஒருத்தரும் கேட்கலை" என்றார். அடுத்த வாரம் முழுவதும் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மதியந்தோறும் மனைக்குப் போய் நின்று பார்த்தார். அங்கே அவர் கண்டது இது. நாள் முழுவதும் உடைப்பதால் உடைந்த கல் மலையாகக் குவிகிறது. லாரி திரும்ப இடமில்லை. குவியலை அகற்றாமல் இயந்திரம் முன்னே நகரவும் முடியவில்லை. பேச்சிராஜா இருந்தபோது நடந்ததைவிட வேலை விரைவாக நடக்கவில்லை, சொல்லப்போனால் சற்று மந்தமாகவே நடக்கிறது. சங்கத்தின் பொறியாளரும் இதை நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார்.

13. கடந்த ஞாயிறன்று சங்கத்தின் பொதுக்குழு கூடியது. நான் உறுப்பினரின் மனைவி என்ற முறையில் பேச அனுமதி கேட்டேன். எல்லோருக்கும் என் மேல் வருத்தம் இருந்தது. செம்பூரில் ஒரே அறையில் மகன் குடும்பத்துடன் நெருக்கிக்கொண்டு இருக்கும் ஒரு மாமி எழுந்து, "உன் படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் இருக்கட்டும் விஜி. எங்க வீடு தள்ளிப் போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லு" என்றார். போகாது என்று நான் சொன்னால் அது சொந்த நலனுக்காகச் சொன்னதாக ஆகும் என்பதால் என் கணவர் எழுந்து தாம் கண்டதைச் சொன்னார். அனுப்பிய புகார் தவறானது என்பதையும் அதே கூட்டத்தில் அவரே சொன்னார். பிறகு என்னுடன் வந்திருந்த தங்கமயில் பேசினாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அப்பாவின் கிடங்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மாமியே முதலில் கை தூக்கினார். இம்மனுவின் கோரிக்கைகளை ஆதரிக்கும் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

14. டிசம்பரில் வரைந்த தகடுகளிலிருந்து நாங்கள் செய்த முதல் கருவியைக் கிடங்கின் பாதுகாப்பு அலுவலர் திரு. சலாவுதீன் தம் பொறுப்பில் ஓர் அறையின் வாயிலில் பொருத்த அனுமதித்தார். பரிசோதனைக்காகத்தான் பொருத்தினோம். இம்மாதத் தொடக்கத்தில் ஒரு காலை வேளையில் அது ஒலியெழுப்பியது. கருவியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். ஆனாலும் சலாவுதீன் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் குழாய்களைச் சோதிக்கச் செய்தார். ஒரு வால்வின் மூட்டில் மெல்லிய கசிவு இருந்தது. அன்றைக்கே பழுது நீக்கப்பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாளில் வரும் அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. அதுதான் எங்களுக்கு மகிழ்ச்சி. அந்த அறையில் அன்று பெரியநாயகமும் இருந்தார். தமக்கு எந்த வாடையும் தெரியவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

15. கிடங்கில் இன்னும் பல அறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியாவது வேண்டும் என்று சலாவுதீன் கேட்கிறார். அதே தொழிற்பேட்டையில் உள்ள மற்றொரு கிடங்கிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். இவற்றுக்குத் தேவையான தகடுகளை வரைய எங்களுக்கு அமைதியான மதியங்கள் வேண்டும்.

16. இரவில் வரையலாமே என்று தாங்கள் நேரில் கேட்டீர்கள். இரவில் கட்டடத்தின் குளிரூட்டல் குறைக்கப்படுவதால் அறையின் வெப்பநிலை மாறும். வெப்பம் மாறினால் தகடு விரியும், கோடு இடம் பெயரும். முயன்று பார்த்துத் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கருவி பிற கல்லூரிகளின் மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அவர்களிடமிருந்து அந்த நாளைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. மேலும் நாங்கள் கேட்பது நிரந்தரமான ஏற்பாடும் அல்ல. அடித்தளத்துக்குப் பாறை உடைத்து முடிக்கும் வரைதான். அதன்பின் கான்கிரீட் வேலை எங்களைத் தொந்தரவு செய்யாது.

17. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) நந்தவனம் மனையில் பாறை உடைப்பதைக் காலை வேளைக்கும், கல் அள்ளுவதை மதிய வேளைக்கும் என்று பிரித்து, அதைப் பணி அனுமதியின் நிபந்தனையாகவே எழுத்தில் சேர்க்குமாறும்;

ஆ) திரு. பேச்சிராஜா செய்த ஏற்பாட்டால் பணிக்கு எவ்விதத் தாமதமும் நேரவில்லை, எந்த அனுமதி விதியும் மீறப்படவில்லை என்பதைத் தங்கள் பிரிவின் பொறியாளரைக் கொண்டு ஆய்ந்து, அதை ஒப்பந்த நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவரை அவருடைய பழைய பொறுப்பிலேயே அமர்த்தும்படி அறிவுறுத்துமாறும்

பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

18. இரண்டு கோரிக்கைகளில் ஒன்றைத்தான் ஏற்க இயலும் என்றால், இரண்டாவதை ஏற்குமாறு வேண்டுகிறேன். இதை எழுதச் சொன்னவள் தங்கமயில். நானும் அதற்கு உடன்படுகிறேன். தகடுகளுக்கு வேறு ஆய்வகம் தேடி, புனேவுக்கோ பெங்களூருவுக்கோ போய் வரைந்து வர எங்களால் முடியும். நிதிக் குழுவுக்குக் காட்ட டிசம்பர் தகடுகளே போதும்; நாட்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனால் கேட்டதும் எழுந்து வந்து பார்த்த மனிதர் ஒருவர், அப்படிப் பார்த்த காரணத்துக்காகவே தாழ்த்தப்பட்டார் என்று இருந்தால், அடுத்த மனையில் வேறொருவர் எழுந்து வர மாட்டார்.

19. தங்கள் பொறியாளர் எந்த நாளில் வந்தாலும் திரையில் கோடு ஓடுவதைக் காட்டத் தயாராக இருக்கிறோம். தாங்களே வர நேரம் ஒதுக்கினால் பெரிதும் மகிழ்வோம். வரும் மார்ச் மாதம் அம்பர்நாத்தில் அடுத்த கருவிகளைப் பொருத்த நாள் குறித்திருக்கிறோம். தகடுகள் இன்னும் வரையப்படவில்லை என்று தெரிந்தும், தங்கள் முடிவின் மேல் உள்ள நம்பிக்கையில்தான் குறித்தோம்.

என் மனுவைப் பொறுமையாகப் படித்தமைக்கு நன்றி கூறி, நல்ல பதிலை எதிர்நோக்கியிருக்கும்,

(ஒப்பம்)
விஜயலக்ஷ்மி சங்கரன்

இடம்: செம்பூர், மும்பை
நாள்: 20.02.2025

உடன் ஒப்பமிடுபவர்: தங்கமயில் பெரியநாயகம், ஆய்வு மாணவி.

சங்கத்தின் சார்பில்:

மேற்கண்ட மனுவின் இரு கோரிக்கைகளையும் எங்கள் பொதுக்குழு ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. ஜனவரி மாதம் நான் ஒப்பமிட்டு அனுப்பிய புகாரைச் சங்கம் திரும்பப் பெறுகிறது. தீர்மானத்தின் பிரதி ஒப்பந்த நிறுவனத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது. திரு. பேச்சிராஜாவை நேற்று பன்வேலில் நேரில் சந்தித்து இதைத் தெரிவித்தேன். தாங்கள் ஆணையிட்டால், மறுநாள் காலையே வேலைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

(ஒப்பம்)
சங்கரன்
செயலாளர், நந்தவனம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், திலக் நகர்